மீட்டர் 78% காட்டுது, லைட் மங்குது: 28 அடி போட்டில் பெட்டரி மொனிட்டர்

#1 முகத்துவாரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாட போட் 28 அடி பைபர், டீசல் இன்ஜின் உள்ளுக்கு. முகத்துவாரத்துல கட்டுறோம். பின்னேரம் நாலு மணிக்குப் போனா விடிய ஆறு ஏழுக்குத்தான் கரை. வலை விட்ட பிறகு இன்ஜினை நிப்பாட்டிட்டு ஆறு மணித்தியாலம் போல மிதந்துட்டு கிடப்போம். அந்த நேரம் லைட், ஜிபிஎஸ், ஃபிஷ் ஃபைண்டர், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் ஒரு 120 அம்பியர்-அவர் பெட்டரியில ஓடுது. அசிட் பெட்டரி, மூணு வருஷம் பழசு. ஸ்டார்ட்டருக்கு வேற பெட்டரி. ரெண்டுக்கும் நடுவுல ரிலே. கெபின் கூரையில 100 வாட் சோலார் ஒண்டு.

ரெண்டு கிழமைக்கு முன்னாடி மச்சான் துபாய்ல இருந்து வரக்குள்ள ஒரு விக்ட்ரான் பிஎம்வி-712 பெட்டரி மொனிட்டர் கொண்டுவந்து தந்தார். நானே பூட்டினேன். செட்டிங்ல 120னு மட்டும் போட்டேன், மத்ததெல்லாம் வந்தபடியே விட்டுட்டேன்.

பிரச்சினை இதுதான். ஒவ்வொரு நாளும் பகல்ல பார்த்தா 100%. ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் மங்கி ஃபிஷ் ஃபைண்டர் தானா நிண்டுடுச்சு. மீட்டரைப் பார்த்தா 78%. வோல்ட் 11.6. அப்பா ஒண்ணும் பேசல, டோர்ச்சை எடுத்து மீட்டர் மூஞ்சிக்கு அடிச்சுப் பார்த்துட்டு "இது யாரோட கணக்கு?"ன்னு மட்டும் கேட்டார்.

மீட்டர் பழுதா? திருப்பி அனுப்பவா?

#2 வெள்ளவத்தை வயர்மன்

தம்பி, 11.6 எண்டு காட்டினதும் அதே மீற்றர்தானே. வோல்ற் சரியாத்தான் அளந்திருக்கு. 78 எண்டது அளந்த இலக்கம் இல்லை, கணக்குப் போட்டு வந்த இலக்கம். கணக்குப் பிழைக்கிறதுக்கு வழி கனக்க இருக்கு, திருப்பி அனுப்பிறதை இப்ப விடுங்கோ.

ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. அந்த 120 பெற்றரியின்ர மைனஸ் தலையில எத்தினை வயர் நிக்குது? ஊகிச்சுச் சொல்ல வேண்டாம், போய்ப் பாத்து எண்ணுங்கோ.

#3 பழைய சம்மாட்டி

நாற்பது வருசம் கடலுக்குப் போனனான். ஒரு வோல்ட் மீட்டர் போதும். 12.7 முழுசு, 12.2 அரைவாசி, 12க்குக் கீழ போனா இன்ஜினைப் போடு. இதுக்கு ஏன் ப்ளூடூத்?

#4 முகத்துவாரத்தான்

போய் எண்ணினேன். மூணு வயர் அண்ணை. ஒண்ணு ஷன்ட்டுக்கு (மீட்டரோட வந்த, கரண்ட் அளக்கிற துண்டு) போற தடிச்ச வயர். ரெண்டாவது பில்ஜ் பம்ப்போட (போட் அடியில சேர்ற தண்ணியை இறைக்கிற பம்ப்) கறுப்பு வயர். மூணாவது சோலார் கன்ட்ரோலர் மைனஸ். பம்ப்பை நான் தொடல, அது முதல்ல இருந்தே அப்படித்தான். வயரிங் செஞ்ச ஆள் "பம்ப் எப்பவும் நேரா பெட்டரிக்குத்தான் போகணும், நடுவுல ஒண்ணும் வரக்கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனது ஞாபகம்.

#5 வெள்ளவத்தை வயர்மன்

நினைச்சது சரி. கொஞ்சம் நீளமா எழுதிறன், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாசியுங்கோ.

இந்த மீற்றர் பெற்றரிக்குள்ள எட்டிப் பாக்கிறேல்லை. அது ஒரு கணக்கப்பிள்ளை. கடை வாசலில இருந்துகொண்டு உள்ள வாற காசையும் வெளிய போற காசையும் கொப்பியில எழுதுது. பின்கதவால ஆராவது காசு எடுத்துக்கொண்டு போனால் கொப்பிக்குத் தெரியாது. உங்கட போட்டில பின்கதவு ரெண்டு இருக்கு.

ஷன்ட் எண்டது ஒரு தடிச்ச உலோகத் துண்டு, அவ்வளவுதான். உங்கடையில 500A / 50mV எண்டு அடிச்சிருக்கும். 500 அம்பியர் ஓடினால் ரெண்டு முனைக்கும் இடையில 50 மில்லிவோல்ற் விழும். அப்ப 1 அம்பியருக்கு 0.1 மில்லிவோல்ற். அந்தச் சின்ன வோல்ற்றை மீற்றர் அளந்து அம்பியராக்கி, நேரத்தால பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகுது. அந்தத் துண்டு சும்மா செம்பு இல்லை, மங்கனின். செம்போட மங்கனீசும் கொஞ்சம் நிக்கலும் சேர்ந்த கலவை. எட்வர்ட் வெஸ்டன் 1892இல் கண்டுபிடிச்சது. சூடானாலும் அதின்ர தடை அநேகமா மாறாது. இன்ஜின் ரூம் வெக்கையிலயும் கணக்குப் பிசகாமல் இருக்கிறது அதாலதான்.

இனிப் பம்ப். "நேரா பெற்றரிக்கு" எண்டு சொன்ன மனிசன் பாதி சரி. அது பிளஸ் பக்கத்துக்கு உரிய கதை. மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு வீட்டை போனாலும் பம்ப் வேலை செய்ய வேணும், இல்லாட்டி காலமை வந்து பாக்கேக்குள்ள போட் தண்ணிக்குள்ள இருக்கும். அதால பம்ப் பிளஸ் சுவிச்சைத் தாண்டி, தன்ர சொந்த பியூசோட, பெற்றரிக்கு நேரா. அதை மாத்தாதேங்கோ. மைனஸை ஷன்ட்டின்ர மற்றப் பக்கத்துக்குக் கொண்டு போங்கோ. ஷன்ட் ஒரு சுவிச் இல்லை, அது கரண்டை நிப்பாட்டாது, அந்தப் பயம் வேண்டாம்.

சோலார் மைனஸும் அப்பிடித்தான், ஷன்ட்டின்ர லோட் பக்கம். பெற்றரி மைனஸ் தலையில கடைசியா ஒரே ஒரு வயர்தான் நிக்க வேணும். ஸ்டார்ட்டர் பெற்றரியின்ர மைனஸும் இன்ஜின் எர்த்தும் லோட் பக்கத்தில சேரட்டும்.

இப்ப ஒரு விசயம் கவனியுங்கோ. பம்ப் எடுத்தது கணக்கில வரேல்லை, அதால மீற்றர் கூடக் காட்டும். சோலார் குடுத்ததும் கணக்கில வரேல்லை, அதால குறையக் காட்ட வேணும். ரெண்டு பிழையும் ஒண்டை ஒண்டு மறைச்சு, சரி போல ஒரு இலக்கம் வந்திருக்கு. ஆனால் சோலாரைக் காணாத மீற்றர் எப்பிடிப் பகலில 100% காட்டுது? அதுதான் எனக்கு இடிக்குது. முதல் வயரைத் திருத்துங்கோ, பிறகு பாப்பம்.

#6 பொல்கொட வார இறுதி

என்னோட சின்ன போட்டிலும் இதே பிழைதான். பிலியந்தலைப் பக்கம் கட்டி வைத்திருக்கிறேன். பாட்டுப் பெட்டியின் மைனஸ் நேராகப் பெட்டரியில் இருந்தது. ஒரு சீசன் முழுக்க மீட்டரைத் திட்டினேன்.

#7 வெள்ளவத்தை வயர்மன்

சம்மாட்டி ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன இலக்கம் பிழையில்லை. ஆனால் 12.7, 12.2 எல்லாம் பெற்றரி ஆறியிருக்கேக்குள்ள பாக்கிற இலக்கம். சார்ஜும் இல்லாமல் லோட்டும் இல்லாமல் குறைஞ்சது ரெண்டு மூண்டு மணித்தியாலம் சும்மா கிடக்க வேணும். தொழிலுக்குப் போற போட்டில பெற்றரி எப்ப ஐயா சும்மா கிடக்குது? பின்னேரம் இன்ஜினை நிப்பாட்டின உடன பாத்தால் 12.9 காட்டும், அது கொஞ்ச நேரத்தில இறங்கிப்போற மேல்பூச்சுச் சார்ஜ். ஐஞ்சு அம்பியர் லோட் ஓடேக்குள்ள பாத்தால் 12.1 காட்டும், லோட்டைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் 12.4 ஆயிடும். ரெண்டும் அதே பெற்றரிதான்.

#8 பழைய சம்மாட்டி

அதுக்குத்தான் தம்பி அனுபவம். என்ன லோட்டுக்கு எவ்வளவு விழும் எண்டு எனக்குத் தெரியும்.

#9 வெள்ளவத்தை வயர்மன்

உங்களுக்குத் தெரியும். நீங்கள் படுத்திருக்கேக்குள்ள காவலுக்கு இருக்கிற பொடியனுக்குத் தெரியாதே.

#10 பழைய சம்மாட்டி

அது சரி.

#11 பஞ்சிகாவத்தை நானா

மகன், ஷன்ட் பக்கம் புதுசா வயர் இழுக்குற நேரம் ஒரு விஷயம் சொல்றேன், காசு மிச்சம் புடிக்கிற இடம் இது இல்ல. கார் வயர் வாணாம். உள்ளுக்கு ஒவ்வொரு இழையும் வெள்ளி நிறமா, வெள்ளீயம் பூசின வயர் கேட்டு எடுங்க. சும்மா செம்பு வயர் உப்புக் காத்துக்கு ஒரு வருஷத்துல பச்ச புடிச்சு, தோலுக்குள்ளயே ஒரு அடி ரெண்டு அடி கருத்துப் போயிரும். வெளிய பாத்தா ஒண்டும் தெரியாது. வயர் நுனியில பூட்டுற லக்கை சுத்தியலால தட்டி அமத்துற வேல செய்யாதீங்க. எங்கட தெருவுல கிரிம்ப் பண்ற ஹைட்ரோலிக் மிஷின் வெச்சிரிக்கிற கடை ஈக்கி, வயரை அளந்து கொண்டுபோனா ரெண்டு நிமிஷம். மேலால பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

இன்னொண்டு, வாசிக்கிற மத்தவங்களுக்கு. புறக்கோட்டையில முதலாம் குறுக்குத் தெருவுல 100 அம்பியர் 75 மில்லிவோல்ட் ஷன்ட்டோட வார சின்ன மீட்டர் விக்குறாங்க. சோலார் லைட்டுக்கு அது நல்ல சாமான், நானும் விக்கிறேன். ஆனா டீசல் ஸ்டார்ட்டர் கரண்ட் அதுக்குள்ளால போகக்கூடாது. 300 அம்பியர் இழுத்தா அந்தத் துண்டுல மட்டும் 67 வாட் சூடு. உங்கட 500 அம்பியர் ஷன்ட்டுல அதே கரண்டுக்கு 9 வாட்தான். ஒரே பெட்டரியில ஸ்டார்ட்டரும் லைட்டும் ஓட்டுற ஆக்கள் பெரிய ஷன்ட்டே எடுங்க.

#12 முகத்துவாரத்தான் · நாலு நாளைக்குப் பிறகு

நானா, நீங்க சொன்ன மாதிரியே வயர் எடுத்து கிரிம்ப் பண்ணியாச்சு. பழைய பம்ப் வயரை வெட்டிப் பார்த்தேன், லக்குல இருந்து அரை முழத்துக்கு உள்ளுக்கு கரி மாதிரி கறுப்பு. கையில தேய்ச்சா தூளா வருது. இதுல இத்தனை நாள் பம்ப் ஓடினதே பெரிய விஷயம்.

இப்ப பெட்டரி மைனஸ்ல ஒரே வயர். எல்லா லோட்டையும் கழட்டிட்டு சைபர் அளவும் செட் பண்ணேன், முன்னாடி சும்மாவே -0.1 காட்டிட்டு இருந்துச்சு.

ஆனா அண்ணை, நீங்க சொன்ன இடிக்குற விஷயம் இன்னும் அப்படியே இருக்கு. இண்டைக்கு போட் கரையில. காலையில வந்து கட்டக்குள்ள 69%. நான் பக்கத்துலயே போனை வச்சுக்கிட்டு இருந்தேன். எழுதி வச்சது இது:

9:10 மணிக்கு 13.0 வோல்ட், +3.6 அம்பியர், 70%.
10:05க்கு 13.3 வோல்ட், +4.4, 73%.
10:09க்கு 13.3 வோல்ட், +4.3, 100%.

நாலு நிமிஷத்துல 27%! ஏதோ மாயமந்திரம் மாதிரி குதிச்சுது.

#13 வெள்ளவத்தை வயர்மன்

ஆகா. இப்பதான் ஆளைப் பிடிச்சம். முன்னம் சோலாரைக் காணாமலே 100 காட்டினதும் இதே ஆளின்ர வேலைதான், காலமை கரைக்கு வரேக்குள்ள இன்ஜின் சார்ஜ் பண்ணின அந்தச் சில நிமிசத்தில பாய்ஞ்சிருக்கும்.

கூட்டல் கழித்தல் கணக்கு எவ்வளவு கவனமாப் போட்டாலும் நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாப் பிசகும். அதால மீற்றர் ஒரு அடையாளம் பாத்து "பெற்றரி நிரம்பிட்டுது" எண்டு முடிவெடுத்து, கணக்கை அழிச்சு 100 எண்டு புதுசாத் தொடங்கும். அடையாளம் மூண்டு, மூண்டும் ஒரே நேரத்தில நடக்க வேணும். வோல்ற் ஒரு அளவுக்கு மேல இருக்க வேணும். உள்ள போற கரண்ட் ஒரு அளவுக்குக் கீழ இறங்கியிருக்க வேணும். அந்த ரெண்டும் இவ்வளவு நிமிசம் நீடிக்க வேணும்.

வந்தபடி விட்ட செட்டிங்கில 12 வோல்ற் பெற்றரிக்கு அந்த வோல்ற் 13.2. கரண்ட், பெற்றரியின்ர கொள்ளளவில 4%. நேரம் 3 நிமிசம். இப்ப உங்கட போட்டுக்குக் கணக்குப் போடுங்கோ. 120இல் 4% எண்டால் 4.8 அம்பியர். உங்கட 100 வாட் பனல் நல்ல வெயிலுக்கே ஐஞ்சு ஐஞ்சரைதான் தரும். அப்ப காலமை முழுக்க கரண்ட் 4.8க்குக் கீழதான். பெற்றரி நிரம்பிக் கரண்ட் குறைஞ்சதெண்டு மீற்றர் நினைக்குது, உண்மையில பனலே அவ்வளவுதான் தருது. வோல்ற் 13.2ஐத் தாண்டி மூண்டு நிமிசம் போன உடன 100 எண்டு அடிச்சுவிட்டுது. மேல உங்கட பதிவைப் பாருங்கோ, 10:05க்கு 13.3, 10:09க்கு 100. இதில மாயமந்திரம் ஒண்டும் இல்லை.

கரையில மெயின்ஸ் சார்ஜரால 30, 40 அம்பியர் ஏத்துற ஆக்களுக்கு இந்த 4% சரியா வேலை செய்யும். பெரிய பெற்றரிக்குச் சின்னப் பனல் பூட்டின ஆக்களுக்குத்தான் இந்த வில்லங்கம். பனல் பெரிசெண்டாலும் முகில் வந்தால் இதே கூத்து நடக்கும், வோல்ற் இறங்க முதல் கரண்ட் விழுந்திடும். தென்மேற்குப் பருவக்காலத்தில கொழும்பு வானம் எப்பிடி எண்டு சொல்லத் தேவையில்லை.

மாத்த வேண்டியது: உங்கட கன்ட்ரோலர் எந்த வோல்ற்றில நிப்பாட்டிப் பிடிக்குதோ (அநேகமா 14.4) அதுக்குக் கொஞ்சம் கீழ, 14.2 வையுங்கோ. 4%ஐ 2% ஆக்குங்கோ. 3 நிமிசத்தை 10 ஆக்குங்கோ.

#14 லித்தியம் ராசா

இந்தத் தலையிடி எல்லாம் எதுக்கு மச்சான்? லித்தியம் இரும்பு பொஸ்பேட் 100 ஒண்ணு போடு, 90% வரைக்கும் எடுக்கலாம், எடையும் பாதி. முடிஞ்சுது வேலை.

#15 வெள்ளவத்தை வயர்மன்

நல்ல பெற்றரிதான், மறுக்கேல்லை. ஆனால் லித்தியத்தில வோல்ற் நடுவில மட்டமா நிக்கும், 80க்கும் 40க்கும் வித்தியாசம் வோல்ற்றில தெரியாது. அப்ப மீற்றர் இன்னும் கட்டாயம். அதோட உள்ள கொட்டக் கொட்டக் குடிக்கும், இன்ஜினில சார்ஜ் குடுக்கிற சின்ன ஒல்ரனேற்றர் ஓய்வில்லாமல் முழுக் கரண்ட் குடுத்து எரிஞ்சுபோகும். ரிலேயை எடுத்துப்போட்டு, கரண்டை அளவா மட்டும் விடுற டிசி-டிசி சார்ஜர் பூட்ட வேணும். இந்தத் தம்பியின்ர போட்டுக்கு அது ரெண்டாம் கட்டம்.

#16 லித்தியம் ராசா

அண்ணே 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்ப எங்க வீட்டு அசிட் பெட்டரி ரெண்டும் ஆறே மாசத்துல செத்துச்சு. அந்த வயித்தெரிச்சல்தான்.

#17 மட்டுறுத்துநர்

லித்தியம் விவாதத்துக்குத் தனி இழை உண்டு, அங்கே தொடருங்கள். இங்கே இந்த போட்டைப் பற்றி மட்டும்.

#18 முகத்துவாரத்தான் · ஒரு கிழமைக்குப் பிறகு

இப்ப குதிக்கிறது நிண்டுடுச்சு. ஆனா தலைகீழா ஒரு பிரச்சினை. ஆறு நாளா ஒரு தரம்கூட 100% வரவே இல்ல. நேத்து நல்ல வெயில், போட் நாள் முழுக்க கட்டியிருந்துச்சு. பின்னேரம் மூணு மணிக்கு 14.1 வோல்ட், கரண்ட் 1.4 அம்பியர் வரைக்கும் இறங்கிடுச்சு. அது நிரம்பின மாதிரித்தானே? மீட்டர் 88லயே நிக்குது. கன்ட்ரோலர் மட்டையில 14.4ன்னுதான் இருக்கு, ஆனா 14.1க்கு மேல ஏறவே மாட்டேங்குது. கன்ட்ரோலரும் போச்சா?

#19 பொல்கொட வார இறுதி

கன்ட்ரோலர் எங்கே பூட்டியிருக்கிறீர்கள்? கெபின் கூரைக்கு அடியிலா?

#20 முகத்துவாரத்தான்

ஓம், பனலுக்கு நேர் கீழ. கை வைக்க ஏலாத சூடு.

#21 பொல்கொட வார இறுதி

அதுதான். அசிட் பெட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் வோல்ட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறைந்துவிடும். அதனால் நல்ல கன்ட்ரோலர்கள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் செல்லுக்கு 3, 4 மில்லிவோல்ட் குறைக்கும். ஆறு செல்லுக்கு 4 என்று வைத்தால் 24 மில்லிவோல்ட். உங்கள் கெபின் 38 பாகை என்றால் 13 பாகை கூட, 0.31 வோல்ட் குறையும். 14.4இல் கழித்தால் 14.09. நீங்கள் பார்த்த 14.1 அதுதான். கன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஒரே கோளாறு, வெப்பம் அளக்கும் முனை கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டரி கீழே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் 30 பாகையில் சுகமாக இருக்கும். கன்ட்ரோலர் தன் சூட்டைப் பெட்டரியின் சூடு என்று நினைத்துக்கொண்டு குறைவாக ஏற்றுகிறது. அதைக் கழற்றிப் பெட்டரிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் பூட்டுங்கள்.

#22 வெள்ளவத்தை வயர்மன்

பொல்கொடத் தம்பி சொன்னது நூறு வீதம் சரி. நான் 14.2 சொல்லேக்குள்ள இடத்தைக் கேக்காமல் சொல்லிப்போட்டன், என்ர பிழை. கன்ட்ரோலரை மாத்திப் பூட்டினால் 30 பாகைக்கு 14.28 மட்டும் ஏறும். மீற்றரில 14.0 வையுங்கோ, வெக்கை நாளுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

அடுத்தது, இனித்தான் முக்கியமான சோதினை. வயர் சரி, நிரம்பிற அடையாளமும் சரி. ஆனால் 120 எண்டது நீங்கள் சொன்ன இலக்கம், ஸ்டிக்கரில இருந்தது. மூண்டு வருசப் பெற்றரிக்குள்ள இப்ப எவ்வளவு இருக்கு? அது மீற்றருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஸ்டிக்கரில உள்ளது 20 மணித்தியாலக் கணக்கு, அவ்வளவு நேரம் ஒரே சீரா இழுத்தால் மொத்தமாக் கிடைக்கிறது. 120ஐ 20ஆல் பிரிச்சால் 6 அம்பியர். பெற்றரியைக் கரைக்குக் கொண்டுவந்து, மெயின்ஸ் சார்ஜரில ராத்திரி முழுக்க ஏத்தி, நாலு மணித்தியாலம் ஆறவிட்டு, 6 அம்பியர் போல லோட் குடுத்து 10.5 வோல்ற் வரும்வரை விடுங்கோ. வந்த உடன கழட்டித் திரும்ப முழுக்க ஏத்த வேணும், அந்த நிலையில ஒரு ராத்திரியும் விடக்கூடாது. அடிக்கடி செய்யிற வேலை இல்லை, வருசத்துக்கு ஒருக்கால்.

#23 பஞ்சிகாவத்தை நானா

6 அம்பியர் லோடுக்கு கஷ்டப்பட வாணாம். கார் ஹெட்லைட் 55 வாட் பல்பு ஒண்டு, பிரேக் லைட் 21 வாட் பல்பு ஒண்டு. ரெண்டையும் சேத்துக் குடுத்தா 6க்கு கிட்ட வரும். ஹெட்லைட் பல்பை கண்ணாடி ஓட்டோட வெச்சு செய்ங்க, தொட்டா தோல் ஒட்டும்.

#24 முகத்துவாரத்தான் · அடுத்த போயா லீவு முடிஞ்சு

செஞ்சேன். கன்ட்ரோலரை கீழ மாத்தினேன், அது ரெண்டாம் நாளே 100% தானா வந்துச்சு, பின்னேரம் ரெண்டரைக்கு. அந்த நேரத்துல 100 வந்தா நம்பலாம்னு தோணுது.

பிறகு பெட்டரியை வீட்டு முற்றத்துக்கு கொண்டுவந்தோம். நானும் தம்பியும் தூக்கினோம், 30 கிலோவுக்கு மேல இருக்கும். ஏத்தி ஆறவிட்டு பார்த்தா 12.68. பல்பு ரெண்டும் மாட்டி காலையில 5:30க்கு தொடங்கினேன். 6.3 அம்பியர்ல ஆரம்பிச்சு கடைசியில 5.7க்கு வந்துச்சு. பல்புதானே, வோல்ட் இறங்க கரண்டும் இறங்குது. அம்மா முற்றத்துல பகல் முழுக்க ஹெட்லைட் எரியுதுன்னு திட்டு. பின்னேரம் 6:40க்கு 10.5 தொட்டுச்சு. மீட்டர்ல வெளிய போனது 81 அம்பியர்-அவர்.

அப்ப 120 இல்ல, 81. மூணுல ரெண்டு பங்குதான் மிச்சம்.

#25 வெள்ளவத்தை வயர்மன்

நல்ல வேலை தம்பி. 80 வீதத்துக்குக் கீழ போனால் பெற்றரியை மாத்திற காலம் எண்டுதான் பொதுவாச் சொல்லிறது, உங்கட 67க்கு வந்திட்டுது. உடன மாத்தக் காசு இல்லையெண்டால் மீற்றரில 80 எண்டு போட்டு, 50%க்குக் கீழ போக விடாமல் ஓட்டுங்கோ. ராத்திரிக்கு உங்களுக்கு 26, 27 அம்பியர்-அவர் போகுது, மட்டுமட்டா நிக்கும்.

அந்த இரவு என்ன நடந்ததெண்டு இப்ப விளங்குதோ? 70 வீதத்தில நிண்ட பெற்றரியை மீற்றர் 100 எண்டு அடிச்சது. 81தான் கொள்ளுற பெற்றரியை 120 எண்டு நினைச்சுப் பிரிச்சது. அதுக்கு மேல பம்ப் களவா எடுத்தது. அப்ப 78 எண்டு காட்டேக்குள்ள உள்ள உண்மையில 30 சொச்சம் கூட இருந்திராது. 11.6 வோல்ற் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, சம்மாட்டி ஐயா சந்தோசப்படுவார்.

#26 பழைய சம்மாட்டி

படுறன்.

#27 பொல்கொட வார இறுதி

பெய்க்கர்ட் எண் பற்றி யாரும் சொல்லவில்லையே? மீட்டரில் 1.25 என்று இருக்கும். 1897இல் பெய்க்கர்ட் என்ற ஜெர்மன்காரர் எழுதிய விதி. அசிட் பெட்டரியில் வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதே குறையும். 120 பெட்டரியில் 6 அம்பியராக இழுத்தால் 120 கிடைக்கும், 25 அம்பியராக இழுத்தால் 1.25 கணக்கில் 84 அளவுதான். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

#28 வெள்ளவத்தை வயர்மன்

சரிதான், ஆனால் இந்தப் போட்டில லோட் நாலு ஐஞ்சு அம்பியர், இருபது மணித்தியாலக் கணக்குக்குப் பக்கத்திலதான் ஓடுது. 1.25ஐ அப்பிடியே விடலாம். சார்ஜ் திறன் (ஏத்தினதில எத்தினை வீதம் திரும்பக் கிடைக்கும் எண்டது) 95 எண்டு இருக்கிறதை, பழைய பெற்றரி எண்டபடியால் 90 ஆக்குங்கோ.

#29 முகத்துவாரத்தான் · பத்து நாளைக்குப் பிறகு

80, 90 ரெண்டையும் மீட்டர்ல மாத்தியாச்சு. போன கிழமை அஞ்சு தடவை கடலுக்குப் போனோம், விடிய வரக்குள்ள 58, 61, 57, 60, 54. வோல்ட்டோட ஒத்துப் போகுது. அப்பா இப்ப மீட்டரைப் பார்க்கிறார், ஆனா பார்த்துட்டு வோல்ட்டையும் ஒருக்கா பார்ப்பார்.

கடைசி நாள் 54ன்னு வந்தது ஏன்னு யோசிச்சேன். லைட் எல்லாம் அதே லைட்தான். நேத்து ராத்திரி போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே படுத்தேன். ஆப்ல கரண்ட் கோடு 4.4ல மட்டமா ஓடிட்டு, திடீர்னு 7.5க்கு எகிறி, ரெண்டு நிமிஷத்துல திரும்ப 4.4. அந்த 3.1 பம்ப்தான். எண்ணினேன், 18 நிமிஷத்துக்கு ஒருக்கா. பம்ப் வயரை மாத்தின கிழமை இதே மாதிரிப் பார்த்தப்ப 40 நிமிஷத்துக்கு ஒருக்கான்னு கொப்பியில எழுதி வச்சிருக்கேன். அப்ப ஒரு நாளைக்கு 3.7 அம்பியர்-அவர், இப்ப 8.3.

முந்தி இந்தப் பம்ப் மீட்டருக்குத் தெரியாமலே ஓடினது. எங்களுக்கும் தெரியாது, இன்ஜின் சத்தத்துல கேக்காது.

#30 வெள்ளவத்தை வயர்மன்

தண்ணி எங்கயிருந்து வருது? உப்போ, மழைத் தண்ணியோ? நக்கிப் பாருங்கோ.

#31 முகத்துவாரத்தான்

உப்பு. ஷாஃப்ட் கிளாண்ட்ல இருந்துதான், காத்தாடி ஷாஃப்ட் வெளிய போற இடத்துல தண்ணியை அடைக்கிற பாகம். இன்ஜின் நிண்டிருக்கக்குள்ளயே ஒழுகுது, சொட்டு இல்ல, நூல் மாதிரி.

#32 பழைய சம்மாட்டி

நட்டை இன்னும் இறுக்காதே தம்பி. இறுக்கினா ஷாஃப்ட் சூடாகித் தேயும். கிளாண்டுக்குள்ள அடைக்கிற பெக்கிங் கயிறு தேஞ்சு முடிஞ்சுது. பழைய கயிறு முழுக்கத் தோண்டி எடு, ஒரு வளையம் உள்ள தங்கினாலும் புதுசு சரியா இருக்காது. ஒவ்வொரு வளையத்தையும் சரிவா வெட்டு, வெட்டு வாய் ஒண்டுக்கு மேல ஒண்டு வராமச் சுத்தி மாத்தி வை. ஓடேக்க நிமிசத்துக்கு ரெண்டு மூண்டு சொட்டு விழவேணும், நிண்டா நிக்கவேணும்.

கயிறு என்ன அளவு?

#33 முகத்துவாரத்தான்

பழசை அளந்தா 10 மில்லி. ஆனா நசுங்கியிருக்கு.

#34 பழைய சம்மாட்டி

பழசை அளக்காதே. ஷாஃப்டுக்கும் கிளாண்ட் சுவருக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அள. அதுதான் கயிறு.

#35 முகத்துவாரத்தான்

சரி ஐயா. நாளைக்கு தொழிலுக்குப் போகல, போட்டைக் கரையேத்துறோம். அளந்துட்டு எழுதுறேன்.